முதல்ல பேரைக் கேளுங்க, அப்புறம் படம் எடுங்க



மார்கழி பாதி தாண்டினா எங்க ஊருக்கு ரெண்டு விருந்தாளி வரும். ஒண்ணு பனி. இன்னொண்ணு, கேமராவைத் தோள்ல மாட்டிக்கிட்டு பைக்கில வர்ற இளவட்டங்கள். பனி காலை எட்டு மணிக்குள்ள போயிரும். இவங்க பொங்கல் முடியறவரைக்கும் ஞாயிறு தவறாம வருவாங்க. புதுசா போட்டோ எடுக்கக் கத்துக்கிறாங்களாம். கத்துக்கட்டும், வேண்டாம்னு சொல்லல. எங்கேயிருந்து ஆரம்பிக்கிறதுங்கறதுலதான் அவங்களுக்கும் எனக்கும் வழக்கு.

போன வாரம் சென்னையில இருந்து ஒரு நண்பர் கேட்டிருந்தார். "அண்ணே, நானும் போட்டோ எடுக்கக் கத்துக்கணும். எந்த கேமரா வாங்கலாம்? கிராமத்துக்கு வந்து எடுத்தாத்தான் நல்லா வருமா?" ரெண்டு கேள்விக்கும் சேர்த்து ஒரே பதில்தான். எதுவும் வாங்க வேண்டாம், எங்கேயும் போக வேண்டாம். இதைக் கொஞ்சம் விளக்கமாவும், கொஞ்சம் கோபமாவும் எழுதறேன். கோபத்துக்குக் காரணம் இருக்கு.

எங்க அப்பாயி, அதாவது அப்பாவைப் பெத்தவங்க, போன வருஷம் மாசியில தவறிட்டாங்க. எண்பதைத் தாண்டியிருக்கும். சரியான வயசு அவங்களுக்கே தெரியாது. துக்க வீட்டுல முதல் வேலை என்னன்னு உங்களுக்குத் தெரியும். சொல்லி அனுப்பணும், பந்தல் போடணும், ஃப்ளெக்ஸ் அடிக்கணும். ஃப்ளெக்ஸுக்குப் படம் வேணுமே! வீட்டையே புரட்டிப் பார்த்தோம். ரேஷன் அட்டையில ஒண்ணு, வாக்காளர் அட்டையில ஒண்ணு. ரெண்டுலயும் பேரைப் படிச்சாத்தான் ஆள் யாருன்னு தெரியும். கல்யாண ஆல்பங்கள்ல பார்த்தா ஓரத்துல பாதி முகம், இல்லேன்னா யார் தோளுக்கோ பின்னாடி கொண்டை மட்டும்.

அப்ப திருச்சியில காலேஜ் படிக்கிற அக்கா மக ஓடிவந்தா. "மாமா, இதைப் பாருங்க. நெட்ல அப்பாயி படம் இருக்கு."

கறுப்பு வெள்ளைப் படம். முகம் முழுக்கச் சுருக்கம், ஒவ்வொண்ணும் வரப்பு மாதிரி தெளிவா இருக்கு. நெஞ்சுக்குக் குறுக்கே எடுத்தவரோட பேர், இங்கிலீஷ்ல, சாய்வா. கீழே ஒரு தலைப்பு: "பசியின் ரேகைகள்". ஆயிரக்கணக்குல லைக். "மனசை உலுக்கிட்டீங்க ப்ரோ"ன்னு பாராட்டு.

அந்தப் படம் எடுத்த நாள் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. மூணு வருஷம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை. வேப்பமரத்து நிழல்ல அப்பாயி உட்கார்ந்து சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுத்துக்கிட்டு இருந்தாங்க. ரெண்டு தம்பிங்க வந்தாங்க. வெயில்ல வந்த பிள்ளைங்கன்னு அப்பாயி எழுந்து உள்ளே போய், ஆளுக்கு ஒரு சொம்பு கம்மங்கூழ், மோர் ஊத்திக் கரைச்சு, கடிச்சுக்க உரிச்ச வெங்காயத்தோட கொண்டுவந்து கொடுத்தாங்க. குடிச்சாங்க. அப்புறம் படம் எடுத்தாங்க. அப்பாயி எப்பவும்போல பொக்கை வாயைத் திறந்து சிரிச்சாங்க. "பாட்டி, சிரிக்காதீங்க. சும்மா அப்படியே தரையைப் பாருங்க"ன்னு சொன்னான் ஒரு தம்பி. புள்ளை சொல்றானேன்னு அவங்களும் பார்த்தாங்க.

நல்லா கவனிங்க. வந்தவன் வயித்துக்குக் கூழ் ஊத்தின பொம்பளை. நாலு ஏக்கர் கரிசல் அவங்க பேர்ல இருந்தது. அவங்க முகத்துக்கு அவன் வெச்ச பேர் பசி.

வேற வழியில்லாம அந்தப் படத்தைத்தான் ஃப்ளெக்ஸுக்குக் கொடுத்தோம். கடைக்காரத் தம்பி குறுக்கே இருந்த பேரை அழிச்சுக் கலர் ஏத்திக் கொடுத்தான். எழவுக்கு வந்தவங்க எல்லாம் நின்னு பார்த்துட்டு ஒரே கேள்விதான் கேட்டாங்க. "ஏப்பா, அப்பாயி எதுக்கு இப்படி முறைச்சுக்கிட்டு இருக்கு? அது சிரிச்ச முகமாச்சே?"

சரி, அந்தத் தம்பியை மட்டும் திட்டி என்ன ஆகப்போகுது? "நீ எங்கேய்யா போயிருந்தே"ன்னு நீங்க கேட்கலாம். நியாயம்தான். என் போனைத் திறந்து பார்த்தேன். அறுநூறு படத்துக்கு மேல இருந்தது. இலை, பூச்சி, வேர், புழு, மோட்டார் பில், விதைப் பாக்கெட். அப்பாயி ஒரு படத்துலகூட இல்ல. அஞ்சடி தூரத்துல பதினஞ்சு வருஷமா உட்கார்ந்திருந்த ஆளை நான் எடுக்கல. அவன் பண்ணது ஒரு தப்புன்னா, நான் பண்ணது இன்னொரு தப்பு. ரெண்டையும் மனசுல வெச்சுக்கிட்டுத்தான் மேல எழுதறேன்.

நான் படம் எடுக்கக் கத்துக்கிட்டது ரசனையில இல்ல, தேவையில. 2018ல எங்க பக்கம் மக்காச்சோளத்துல அமெரிக்கன் படைப்புழு விழுந்தது. அந்த வருஷம்தான் அது இந்தியாவுக்கே புதுசு. குருத்தெல்லாம் ஓட்டை, உள்ளே மரத்தூள் மாதிரி எச்சம். போன்ல ஒரு படம் எடுத்துக்கிட்டு வேளாண்மை ஆபீசுக்கு ஓடினேன். அங்கே இருந்தவர் பார்த்துட்டுச் சிரிச்சார். "அண்ணே, இது புழுவா, உங்க விரல் நிழலா?"

அன்னைக்கு உறைச்சது. அந்தப் புழுவுக்கு அடையாளமே நுணுக்கமானது. தலையில வெள்ளையா ஒரு தலைகீழ் 'ஒய்' எழுத்து இருக்கும். வால் பக்கம் சதுரத்தோட நாலு மூலை மாதிரி நாலு கறும்புள்ளி இருக்கும். இந்த ரெண்டும் படத்துல தெரிஞ்சாத்தான் எதிராளி "ஆமா, அதுதான்"னு சொல்ல முடியும். தெரியலேன்னா வேற ஏதோ புழுவுக்கு வேற ஏதோ மருந்து. காசும் போச்சு, பயிரும் போச்சு. பயிர்க் காப்பீடும் இப்படித்தான். அறுத்துக் காயப்போட்டது மழையில நனைஞ்சாலோ, ஆலங்கட்டி விழுந்தாலோ 72 மணி நேரத்துக்குள்ள தகவல் சொல்லணும். அன்னைக்கே எடுத்த தெளிவான படம் கையில இருந்தா வாதாடலாம். எனக்கு போட்டோங்கறது லைக் வாங்கற சமாச்சாரம் இல்ல, சாட்சி. பொய்ச் சாட்சி சொன்னா என்ன ஆகும்னு எங்களுக்குத் தெரியும். அதனாலதான் "பசியின் ரேகைகள்" எனக்கு அவ்வளவு எரியுது.

அந்தப் புழுவை எடுக்கப் பழகினப்ப நான் கத்துக்கிட்டதைத்தான் உங்களுக்கும் சொல்றேன். எல்லாம் சாதாரண போன்ல செய்யக்கூடியது.

முதல் பாடம் வேட்டி முனை. லென்ஸைத் துடைங்க. என் போன்ல சாணி, தவிட்டுத் தூசி. உங்க போன்ல விரல் எண்ணெய், முகப்பவுடர். படம் பனி மூட்டமா வந்தா பாதி நேரம் காரணம் இதுதான். துடைக்காம கேமராவைக் குத்தம் சொல்றது, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதை.

ரெண்டாவது, வெளிச்சம். உச்சிவெயில்ல எடுத்தா கண்ணு இருக்கிற இடத்துல ரெண்டு கறுப்புக் குழிதான் விழும். காலையில சூரியன் கிளம்பின ஒரு மணி நேரம், சாயங்காலம் அடையறதுக்கு முந்தின ஒரு மணி நேரம், இந்த ரெண்டும் பொன்னான வேளை. நடுப்பகல்ல எடுத்தே ஆகணும்னா ஆளை நிழலுக்குக் கூட்டிட்டு வாங்க. எங்க ஊர்ல திண்ணை, உங்க ஊர்ல ஜன்னல் ஓரம். ஆள் நிழல்ல இருக்கணும், முகம் வெளிச்சத்தைப் பார்த்து இருக்கணும். ஒரே முகத்தை ஜன்னலுக்கு நேரா, பக்கவாட்டுல, ஜன்னலுக்கு முதுகைக் காட்டின்னு மூணு தடவை எடுத்துப் பாருங்க. ஆயிரக்கணக்குல கட்டிச் சேர்ற வகுப்புல முதல் மாசம் சொல்லித் தர்றது உங்க வீட்டு ஹால்லயே பத்து நிமிஷத்துல புரிஞ்சிரும்.

மூணாவது, எருமை பாடம். கேமராவுக்கு எதிர்ல இருக்கிறது கறுப்பா வெள்ளையான்னு தெரியாது. எதைப் பார்த்தாலும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். எருமையை நெருக்கமா எடுத்தா சாம்பல் பூசின மாதிரி வெளுத்து வரும். வெள்ளை வேட்டியை எடுத்தா அழுக்கு வேட்டியா வரும். திரையில எது முக்கியமோ அதைத் தொடுங்க. பக்கத்துல சின்ன சூரியன் மாதிரி ஒரு குறி வரும். எருமைக்கு அதைக் கீழே இழுங்க, வேட்டிக்கு மேலே தள்ளுங்க. அவ்வளவுதான். நம்ம ஊர் மாநிற முகத்தை போன் தானா வெளுப்பாக்கும்போதும் இதே வைத்தியம்தான். உங்க அம்மா நிறம் உங்களுக்குத் தெரியும், போனுக்குத் தெரியாது.

நாலாவது, கால். தூரத்துல இருக்கிறதை ரெண்டு விரலால இழுத்துப் பெருசாக்காதீங்க. பெரும்பாலும் அது பக்கத்துல போறது இல்ல, படத்தோட ஓரத்தை வெட்டி எறியறது. நடந்து போங்க. ஆனா முகத்துக்கு ஒரு அடிக்குள்ள போகாதீங்க. போன் லென்ஸ் அகலமாப் பார்க்கும், பக்கத்துல போனா மூக்கு பெருத்து காது சிறுத்துரும். அஞ்சாறு அடி தள்ளி நின்னு, 'ரெண்டு எக்ஸ்' இருந்தா அதை வெச்சு எடுங்க. முழங்கையை விலாவுல ஒட்டி, மூச்சை ஒரு நொடி நிறுத்தி அழுத்துங்க.

அஞ்சாவது, மூணு படக் கணக்கு. பூச்சி படம் எடுக்க நான் வெச்சிருக்கிற வழி இது. முதல்ல வயல் முழுசா, அடுத்து ஒரு செடி, அப்புறம் இலையும் புழுவும், பக்கத்துல அளவுக்கு ஒரு ரூபாய்க் காசு. மனுஷங்களுக்கும் இதுவே பொருந்தும். அவங்க இருக்கிற இடம், செய்யற வேலை, முகம். முகத்தை மட்டும் வெட்டி எடுத்தா யார் வேணும்னாலும் அதுமேல என்ன தலைப்பு வேணும்னாலும் ஒட்டலாம். அப்பாயி மடியில கிடந்த வெங்காயமும் பக்கத்துல காலிக் கூழ்ச் சொம்பும் அந்தப் படத்துல தெரிஞ்சிருந்தா "பசி"ன்னு எழுத அவனுக்குக் கை வந்திருக்குமா?

கேமரா வாங்கறவங்களுக்கு ஒரு கணக்கு. 12 மெகாபிக்சல் போன் படத்துல 4000க்கு 3000 புள்ளி இருக்கு. அங்குலத்துக்கு 300 புள்ளின்னு நல்ல தரத்துல அச்சடிச்சாலும் 13க்கு 10 அங்குலம் வரும். சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்ட அது போதாதா? பறவை எடுக்கணும், கோயில் திருவிழாவை ராத்திரியில எடுக்கணும்னா பெரிய கேமராவும் லென்ஸும் வேணும்தான், மறுக்கல. ஆனா போன்ல ஒரு ஆயிரம் படம் எடுத்து, "எனக்கு இன்னது வேணும், இதுல அது முடியல"ன்னு உங்களால சொல்ல முடியறப்ப வாங்குங்க. ஏர் பிடிக்கத் தெரியறதுக்கு முன்னாடி டிராக்டர் லோன் போடாதீங்க.

இப்ப ஆறாவது பாடம். இது எந்த வகுப்புலயும் முதல்ல வராது. பேரைக் கேளுங்க.

இது ஏதோ எங்க ஊர்ல மட்டும் நடக்கிற விஷயம் இல்ல. 1936ல அமெரிக்காவுல, கலிபோர்னியாவுல பட்டாணி பறிக்கிற கூலிகள் முகாம்ல டோரத்தியா லேங் ஒரு தாயைப் படம் எடுத்தார். ரெண்டு பிள்ளைங்க தோள்ல முகம் புதைச்சிருக்க, மடியில கைக்குழந்தை. உலகத்துலயே அதிகம் அச்சான படங்கள்ல அது ஒண்ணு. படம் வந்ததும் அரசாங்கம் அந்த முகாமுக்குச் சாப்பாடு அனுப்பினது உண்மை. ஆனா அதுக்குள்ள அந்தக் குடும்பம் அங்கேயிருந்து கிளம்பியிருந்தது. லேங் அந்த அம்மா பேரைக் கேட்கல, பின்னாடி அவரே அதை எழுதியிருக்கார். ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன்ங்கற பேர் உலகத்துக்குத் தெரிய 1978 ஆச்சு. நாப்பத்திரண்டு வருஷம் அந்த அம்மா பேரில்லாத ஏழையாவே சுவர்ல தொங்கினாங்க. 1984ல ஸ்டீவ் மெக்கரி பாகிஸ்தான் அகதி முகாம்ல எடுத்த பச்சைக் கண் சிறுமி படம் உங்க எல்லாருக்கும் தெரியும். ஷர்பத் குலாங்கற அவங்க பேர் தெரிஞ்சது 2002ல. பெரிய கலைஞர்கள் கதையே இப்படின்னா, ஞாயித்துக்கிழமை கலைஞர்களை என்ன சொல்ல?

இதுக்கு ரெண்டு மறுப்பு வரும்னு தெரியும்.

"கேட்டுட்டு எடுத்தா போஸ் கொடுக்கிறாங்க அண்ணே, இயல்பா வராது." வரும். நீங்க அஞ்சு நிமிஷத்துல கிளம்பப் பார்க்கிறதாலதான் வரல. கேமராவை வெளியே எடுக்காம அரை மணி நேரம் உட்காருங்க. ரெண்டாவது டீ குடிக்கிறப்ப நீங்க வந்ததையே மறந்துட்டு அவங்க வேலையைப் பார்ப்பாங்க. இன்னொண்ணு, அவங்களுக்குப் பிடிச்ச மாதிரி நிக்கறதும் இயல்புதான். எங்க ஊர்ல படம்னா தலையை வாரி, நல்ல சேலை கட்டி, நேரா நின்னு எடுத்துக்கிறதுதான் வழக்கம். உங்க மேல இருக்கிற மரியாதையிலதான் அப்படி நிக்கறாங்க. அதுல ஒரு படம் எடுத்துக் கொடுத்துட்டு, அப்புறம் உங்க படத்தை எடுங்க.

"அப்ப வறுமையையே காட்டக் கூடாதா?" தாராளமா காட்டுங்க. காய்ஞ்ச கிணத்தைக் காட்டுங்க, விலை போகாம ரோட்டுல கொட்டின வெங்காயத்தைக் காட்டுங்க, நூறு நாள் வேலைக் கூலிக்குக் காத்திருக்கிறவங்களைக் காட்டுங்க. ஆனா யார், எந்த ஊர், என்ன காரணம்னு சேர்த்துச் சொல்லுங்க. மதுரைப் பக்கத்துக்காரர் எம். பழனிகுமாரைத் தேடிப் பாருங்க. மீன் விக்கிற அம்மாவோட பிள்ளை. 2017ல வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செஞ்சவர். மலக்குழி சாவுகளை, உழைக்கிற பெண்களைப் படம் எடுத்தார். தன்னோட அம்மாவையும் எடுத்தார். அவர் படங்கள் பாரி தளத்துல இருக்கு. அதுல கஷ்டம் இருக்கும், கூடவே பேர் இருக்கும், ஊர் இருக்கும். பார்க்கிற நமக்கு "ஐயோ பாவம்"னு தோணாது, "இதுக்கு யார் பதில் சொல்றது"ன்னு தோணும்.

கத்துக்குட்டிகள் கிராமத்துக்கு ஏன் ஓடி வர்றாங்கன்னு யோசிச்சுப் பார்த்தேன். எங்க முகம் அவங்களுக்குப் புதுசு. புதுசா இருக்கிறதை எடுத்தா படம் சுலபமா நல்லா இருக்கிற மாதிரி தெரியும். அது உங்க திறமை இல்ல, எங்க சுருக்கம். தினம் பார்த்துச் சலிச்ச ஒண்ணை, இதுவரைக்கும் யாரும் பார்க்காத மாதிரி எடுத்துக் காட்டறப்பதான் நீங்க கத்துக்கிட்டீங்கன்னு அர்த்தம். காலையில ஆறு மணிக்கு உங்க அம்மா பால் பாக்கெட் வெட்டறதை எடுத்திருக்கீங்களா? அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் அய்யா பேர் தெரியுமா? இஸ்திரி வண்டிக்காரர் கரியை ஊதி விடறப்ப முகத்துல விழற அந்தச் சிவப்பு வெளிச்சம் எந்தக் கிராமத்துலயும் கிடைக்காது.

அதனால வீட்டுப்பாடம் கொடுக்கிறேன். செலவு கிடையாது.

ஒரு மாசம், தினம் ஒரு படம், உங்க வீட்டுல இருந்து நூறு அடிக்குள்ள. வீட்டுல வயசானவங்க இருந்தா வாரம் ஒரு நாள் அவங்களுக்கு. சிரிக்கிறவங்களைச் சிரிக்க விடுங்க. எடுத்த ஒவ்வொரு ஆளோட பேர், ஊர், தேதியை எழுதி வைங்க. மாசக் கடைசியில நல்லதா அஞ்சைத் தேர்ந்தெடுத்து அச்சுப் போட்டு, படத்துல இருக்கிறவங்க கையில கொடுங்க. டீ, வடை செலவுதான் ஆகும். போன் தொலையும், உடையும், பாஸ்வேர்டு மறந்து போகும். சுவத்துல மாட்டின படம் இருக்கும். துக்க வீட்டுல பேர் குறுக்கே எழுதின படத்தை நெட்ல தேடற நிலைமை உங்களுக்கு வர வேண்டாம்.

அப்பாயி போன பிறகு நானும் இதைத்தான் செய்யறேன். எங்க தெருவுல அறுபது தாண்டின பதினேழு பேரை எடுத்து முடிச்சாச்சு. எல்லாருக்கும் படம் போட்டுக் கொடுத்தாச்சு. ஒரு பெரியவர் வாங்கிப் பார்த்துட்டு, "தம்பி, இதைப் பத்திரமா வெச்சுக்க. நாளைக்கு ஃப்ளெக்ஸுக்கு இதையே கொடு"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னார். கேலிக்குத்தான் சொன்னார். ஆனா சட்டைப் பையில வெச்சுக்கிட்டு ஊர் முழுக்கக் காட்டிட்டு வந்தார்.

அந்த ரெண்டு தம்பிங்க இதைப் படிச்சா, வாங்கப்பா. சண்டை போட மாட்டேன். அன்னைக்கு "சிரிக்காதீங்க பாட்டி"ன்னு சொல்றதுக்கு முன்னாடி, அவங்க சிரிச்சப்ப ஒண்ணு ரெண்டு கிளிக் பண்ணியிருப்பீங்க. அது உங்க ஹார்ட் டிஸ்க்ல எங்கேயாவது கிடக்கும். அதை மட்டும் கொடுத்துட்டுப் போங்க. உங்களுக்கு வேண்டாத படம்தான். எங்களுக்கு அது ஒண்ணுதான் வேணும்.

அப்பாயி பேர் செல்லம்மாள். நீங்க கேட்கல, அதான் நானே சொல்லிட்டேன்.